ஒன்றரை லிட்டர்

மூன்றாவது கப் கையில் இருந்தது, பாதிகூடக் குறையவில்லை, சுவரில் மணி பத்தேகால், பதினொன்றுக்குள் ஜாடியில் இருக்கிற ஒன்றரை லிட்டரும் உள்ளே போயாக வேண்டும் என்று ஸ்கேன் எடுக்கிற அந்தப் பெண் பெனிட்டா சொல்லிவிட்டுப் போயிருந்தாள், சொன்னதோடு விட்டாளா, ஜாடியின் பக்கவாட்டில் ஸ்கெட்ச் பேனாவால் நாலு கோடு போட்டு ஒவ்வொரு கோட்டுக்கு நேரேயும் மணியை எழுதி, "ஐயா, இந்த மணிக்கு இந்தக் கோடு. போன தடவ மாதிரி பண்ணிராதீங்க" என்று விரலை வேறு ஆட்டிவிட்டுப் போனாள். வயது என்ன, இருபத்தைந்து இருக்கும், மகள் இந்து வயசு. இருபத்தாறு வருசம் பாபநாசம் ரூட்டில் கண்டக்டராக இருந்து ஊரையே விரலை ஆட்டி ஏற்றி இறக்கிய பலவேசம் இன்றைக்கு ஒரு சின்னப் பெண்ணின் விரலுக்குப் பயந்து பேப்பர் கப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், காலம் அப்படி. இந்தத் தண்ணீர் தண்ணீரும் இல்லை பாயசமும் இல்லை, சீனிக்கரைசலில் வடிகஞ்சியைக் கலந்த மாதிரி ஒரு வழவழப்பு, ஒரு இனிப்பு, தொண்டையில் இறங்க மாட்டேன் என்று நின்று யோசித்துவிட்டு இறங்குகிறது. சிறுகுடல் சும்மா கிடந்தால் சுருங்கி ஒட்டிக்கொண்டு கிடக்குமாம், இது போய் உள்ளே நிறைந்து விரித்து வைத்தால்தான் குடலின் சுவர் படத்தில் தெரியுமாம், புண் எங்கே, சுருக்கம் எங்கே, வீக்கம் எவ்வளவு தூரம் என்று. டியூபில் காற்றடித்துப் பஞ்சர் பார்க்கிற கதைதான். ஆனால் இங்கே காற்று ஆகாது. காற்றுதான் போன தடவை குடியைக் கெடுத்தது.

போன தடவை, பத்து நாளைக்கு முன்னால், இதே நாற்காலி, இதே ஜாடி, பலவேசம் நாற்பதே நிமிடத்தில் ஒன்றரை லிட்டரையும் காலி செய்துவிட்டுப் பெருமையாகப் பார்த்தார், இவ்வளவுதானா என்கிற மாதிரி, ஏனென்றால் தண்ணீர் குடிப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. பஸ் கல்லிடைக்குறிச்சி வளைவில் சாய்ந்து திரும்பும்போது ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கி, உதட்டுக்கும் பாட்டிலுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, சட்டையில் ஒரு சொட்டு விழாமல், அண்ணாந்து கடகடவென்று இறக்குவார். டிரைவர் சேவியரும் அதே பாட்டிலில்தான் குடிப்பார், பதினோரு வருசம் ஒரே பாட்டில், அதனால் எச்சில் படக்கூடாது, அது ஒரு மரியாதை, யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, வாய் வைத்துக் குடிக்கிறவனைப் பார்த்தாலே பலவேசத்துக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருக்கும். அப்படி அண்ணாந்து ஊற்றிக்கொண்டதில் தண்ணீரோடு தண்ணீராகக் காற்றும் லிட்டர் லிட்டராக உள்ளே போய்விட்டது, படம் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகத் திட்டு, பெரிய டாக்டர் ஒன்றும் சொல்ல முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். "எந்த ஊர்லய்யா இப்படி மேல தூக்கி ஊத்திக் குடிப்பாங்க ஸ்கேனுக்கு" என்று பெனிட்டா கேட்டாள். எல்லா ஊரிலும்தான் தாயி, உங்கள் மெஷினுக்கு மட்டும்தான் அது தெரியாது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், இது ஸ்கேன் ரூம் மட்டும் வந்துவிட்டது. இன்றைக்குக் கப்பின் விளிம்பில் உதட்டை வைக்கிறார், காகிதம் ஊறி உதட்டில் ஒட்டுகிறது, குழந்தை பால் குடிக்கிற மாதிரி உறிஞ்ச வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு வாய்க்கும் குமட்டுகிறது, குமட்டுவது தண்ணீருக்கா உதட்டுக்கா என்று தெரியவில்லை.

"இன்னும் அந்தக் கோட்டுக்கு வரல" என்றாள் ஆவுடை. பக்கத்து நாற்காலியில் மடியில் வயர்கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள், கூடைக்குள் பழைய படங்கள், ரிப்போர்ட்டுகள், ஒரு துண்டு, மாற்று வேட்டி. வேட்டி எதற்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, பலவேசத்துக்கும் எதற்கு என்று தெரியும், இந்தத் தண்ணீர் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் என்ன செய்யும் என்று போன தடவை பார்த்ததுதானே. முன்யோசனைக்காரி. கல்யாணமாகி இருபத்தேழு வருசத்தில் எதையும் முன்கூட்டியே யோசித்து எடுத்து வைக்கிறவள், அதனால்தான் தம்ளரையும் எடுத்து வைத்தாள். அதை நினைக்கக்கூடாது என்று பலவேசம் காலையில் பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தார், முடிவு செய்ததை வயிறு கேட்கவில்லை, இனிப்புத் தண்ணீர் ஒரு மிடறு இறங்கினால் தம்ளர் ஒரு மிடறு மேலே வருகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு, டிபியாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, அவர் கால் கழுவிவிட்டு உள்ளே வருவதற்குள் அடுக்களை மேடையின் ஓரத்தில் தனியாக ஒரு தட்டும் ஒரு எவர்சில்வர் தம்ளரும் இருந்தன. தம்ளரில் 'அன்பளிப்பு, சுப்பையா ரைஸ்மில்' என்று வெட்டியிருக்கும், கல்யாணத்துக்கு வந்த பன்னிரண்டில் ஒன்று, மற்ற பதினொன்றும் அலமாரியில் கவிழ்ந்து சொந்தக்காரர்கள் மாதிரி ஒன்றாக இருந்தன, இது மட்டும் வெளியே. ஒரு வார்த்தை சொன்னாளா என்றால் இல்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அன்றைக்கு அந்தத் தம்ளரில் காப்பி ஊற்றிக் கொடுத்தாள், அவர் அதை வழக்கத்தைவிட இன்னும் உயரமாகத் தூக்கிக் குடித்தார், பாத்துக்கோ, என் எச்சில் எதிலும் படாது என்கிற மாதிரி, மூக்கில் ஏறி இருமினார், இருமியதற்குக்கூட வெட்கமாக இருந்தது.

இத்தனைக்கும் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார், நெஞ்சுப் படம் சுத்தமாக இருக்கிறது, சளி பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை, இது குடலில் மட்டும் இருக்கிற சந்தேகம், யாருக்கும் ஒட்டாது, வீட்டில் எப்போதும் போல இருங்கள் என்று. அதைச் சொல்லும்போது ஆவுடை மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தாள். பலவேசம் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுப்பதற்குள் தம்ளரைப் பார்த்துவிட்டார், அதற்குப் பிறகு சொன்னால் பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும் என்று தோன்றியது. வீம்பு. இருபத்தாறு வருசம் படியில் நிற்பவனை உள்ளே வா உள்ளே வா என்று கத்தியவர், தன் வீட்டில் படியிலேயே நின்றுவிட்டார். நிஜமாகவே படியில்தான். உள்ளறையில் இந்து பிரசவத்துக்கு வந்து படுத்திருக்கிறாள், தொட்டிலில் நாற்பத்தொரு நாள் பிள்ளை, பெண் பிள்ளை, தலை நிறைய முடி. பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை துணியோடு கையில் வாங்கியதுதான், அப்புறம் இவருக்கு வயிற்று வலி முற்றி ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் சரியாகப் பார்க்கவில்லை, அப்புறம் தம்ளர் வந்துவிட்டது. தினமும் காலையில் நிலைப்படியில் நின்று எட்டிப் பார்ப்பார். தொட்டில் துணி ஆடும். ஒரு கால் மட்டும் வெளியே தெரியும், பாதம் அவருடைய கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். பார்த்துவிட்டுப் போய்விடுவார். யாரும் போகச் சொல்லவில்லை, வரவும் சொல்லவில்லை.

நாலாவது கப். பெனிட்டா வந்து ஜாடியைத் தூக்கிப் பார்த்து, "பரவாயில்ல, கொஞ்சம் ஸ்பீடு" என்றாள். ஸ்பீடு. இத்தனை மணிக்கு இந்த ஸ்டாப் என்று டைம் கீப்பர் விரட்டுகிற மாதிரி. வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது, உள்ளே ஏதோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் உருளுகிறது, வலது அடிவயிற்றில் அந்தப் பழைய இடம் முணுக்கென்றது. அங்கேதான் சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிறதாம், அங்கேதான் புண். குழாய் விட்டுச் சதையைக் கிள்ளி எடுத்து அனுப்பினார்கள், அதுவும் ரெண்டுங்கெட்டானாக வந்துவிட்டது, டிபி என்றும் சொல்ல முடியாது, மற்றது என்றும் சொல்ல முடியாது. மற்றதும் ஒரு குடல் நோய்தான், குரோன் என்று ஏதோ பெயர், கேட்டால் வெளிநாட்டு பிஸ்கட் மாதிரி இருக்கிறது. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னது பலவேசத்துக்கு அச்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "டிபியா இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம்னு வச்சுக்கோங்க. ஆறு மாசம் மாத்திரை, முடிஞ்சுது. இன்னொன்னுன்னா அது உங்க கூடவே இருக்கும். கட்டுப்படுத்தலாம், விரட்ட முடியாது. சில பேருக்கு ஆபரேஷன், திரும்பத் திரும்ப வரும். பஸ்ல நிக்கிற வேலையெல்லாம் கஷ்டம்." எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி. டிபி என்றால், ஒட்டாத டிபி ஆனாலும், ஊரே தள்ளி நிற்கும், சம்பந்தி வீட்டில் கேள்விப்பட்டால் மறுநாளே பிள்ளையையும் தாயையும் வண்டி வைத்துக் கூட்டிப் போய்விடுவார்கள், ஆனால் ஆறு மாசத்தில் தீரும். மற்றது என்றால் பெயர் யாருக்கும் தெரியாது, யாரும் தள்ளி நிற்க மாட்டார்கள், இன்றைக்குச் சாயங்காலமே பிள்ளையைத் தூக்கலாம், ஆனால் சாகிற மட்டும் தீராது. எதை வேண்டிக்கொள்வது? மூன்று வாரமாக இந்த ஒரு கேள்விதான். படுத்தால் இது, எழுந்தால் இது. களைத்துப் போய்விட்டார் மனுசன், வலியில் அல்ல, இதில்.

ஆறு மாசம் என்பதை அவர் எத்தனை தடவை கணக்குப் போட்டுவிட்டார். ஆறு மாசம் கழித்துப் பிள்ளைக்கு ஏழரை மாசம். குப்புற விழுந்து, தவழ்ந்து, உட்கார்ந்து, பல் முளைத்திருக்கும். அது மட்டுமா, ஆள் தெரிந்திருக்கும். பஸ்ஸில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார், நாலு மாசப் பிள்ளை யார் கையை நீட்டினாலும் வரும், கண்டக்டர் விசிலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்க்கும், எட்டு மாசப் பிள்ளை புது முகத்தைக் கண்டால் வீறிட்டு அழுது தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். ஆறு மாசம் கழித்து மாத்திரை முடிந்து சுத்தமாகக் கையை நீட்டினால் அது தன்னைப் பார்த்து அழும். அழட்டும், பழகிக்கொள்ளும். பழகுவதற்குள் அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். சரி, மற்றதாகவே இருக்கட்டும், இன்றைக்கே தூக்கலாம். தூக்கி? வலி வந்தால் சுருண்டு விழுகிறவன் கையில் பிள்ளையா? வைகாசி மாதம் சேரன்மகாதேவி ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடியது ஞாபகம் வந்தது, எழுபது பேர் ஏறியிருந்த வண்டி, சேவியர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார், திரும்பி வரும்போது ஜன்னல் ஜன்னலாக முகங்கள், ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள், ஒன்றுமே இல்லாதபோதும் பொத்திக்கொண்டாள். அன்றைக்குத்தான் மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்தார். அந்த மாதிரி இன்னும் இருபது வருசமா? யோசனை அங்கேயே போய் முட்டி நின்றது, செக்கு மாடு மாதிரி திரும்பவும் ஆறு மாசம், ஏழரை மாசம், பல், அழுகை.

இதில் ஆவுடையின் நேர்ச்சை வேறு. சங்கரன்கோவில் கோமதியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருக்கிறாள், வாசலில் பூக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டார், 'அந்த ஸ்கேன்ல நல்லபடியா வரணும்' என்று. நல்லபடியா என்றால் அவளுக்கு என்ன? டிபி இல்லை என்று வர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். டிபி இல்லை என்றால் என்ன இருக்கிறது என்று அவளிடம் யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவர் வீம்பில் நின்றார். அவள் விளக்கு ஏற்றுவது புருசனுக்குத் தீராத நோய் கொடு என்று. அம்மனும் கேட்டுத் தொலைத்துவிட்டால்? பலவேசத்துக்கு அவள் மேல் இரக்கமாக வந்தது, உடனே தம்ளர் ஞாபகம் வந்து இரக்கம் போய்விட்டது, இப்படித்தான் மூன்று வாரமாக, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற மாதிரி. வயிறு கடமுடவென்றது. கழிவறை எந்தப் பக்கம் என்று கண் தானாகப் போயிற்று. இடது பக்கம், பன்னிரண்டு எட்டு. போகக்கூடாது, அடக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வாயை மூடி மூச்சு விட்டார், வியர்த்தது, சுவரில் மணி பத்தே முக்கால்.

அவருக்கே தெரியாமல் நடந்தது அது. வலியைத் தள்ளிவிட்டு, சீக்கிரம் முடித்துத் தொலைப்போம் என்று கப்பை எடுத்தவர் கை பழக்கத்தில் மேலே போய்விட்டது, தலை அண்ணாந்தது, கடகடவென்று ஒரு கப் முழுக்க இறங்கிவிட்டது. என்ன சுகம். மூன்று வாரத்தில் முதல் தடவையாகத் தொண்டை தன் இஷ்டத்துக்குத் திறந்த மாதிரி. அடுத்த நொடி கதவோரத்திலிருந்து ஒரு சத்தம்.

"ஐயா! என்ன பண்றீங்க!" பெனிட்டா ஓடி வந்து ஜாடியைப் பிடுங்கிக்கொண்டாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா? இன்னிக்கும் காத்து போச்சுன்னா படம் விளங்காது. அப்புறம் வேற தேதிதான், எங்க டாக்டர் என்னத்தான் ஏசுவாங்க."

"தெரியாம நடந்துட்டும்மா" என்றார் பலவேசம். குரல் தனக்கே கேட்கவில்லை.

"ஒரு கப்புதானம்மா" என்று ஆவுடை எழுந்து நின்றாள். "இன்னும் ரெண்டு கப்பு இருக்கு. நான் பக்கத்துலயே நின்னு குடிக்க வைக்கேன். மேல தூக்குனா கையப் பிடிச்சிருதேன். சரியா? கோவப்படாத தாயி."

பெனிட்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஜாடியை வைத்தாள். "பத்து நிமிஷம். நடந்துகிட்டே குடிங்க, ஏப்பம் வந்தா விட்டுருங்க, அடக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நடந்தார்கள். ஸ்கேன் சென்டரின் நீள வராந்தாவில், ஒரு முனையில் குடிதண்ணீர் மெஷின், மறு முனையில் கதவில் இரும்புப் பொருள் கொண்டு வராதே என்கிற படம். அவர் கப்பைப் பிடித்திருந்தார், அவள் அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தாள், தூக்கினால் இழுக்கிறதற்கு. மூன்று வாரத்தில் அவள் கை அவர் மேல் படுவது இதுதான் முதல் தடவையா? இல்லை, படாமல் இருந்திருக்காது, கவனிக்காமல் இருந்திருப்பார். ஏப்பம் வந்தது. வெட்கமாக இருந்தது. இன்னொரு ஏப்பம். களைப்பில் வீம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு தடவை படமெடுத்துக் கெட்டு, இரண்டாவது தடவையும் கெட்டால், மூன்றாவது தடவை இந்தக் கேள்வியை இன்னும் பத்து நாள் சுமக்க அவரால் ஆகாது. எதுவோ ஒன்று இன்றைக்குத் தெரிய வேண்டும். எது? திடீரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது எது என்று, அப்படி ஒன்றும் ஞானோதயம் இல்லை, அலைந்து அலைந்து கால் ஓய்ந்தவன் கிடைத்த இடத்தில் உட்காருகிற மாதிரி மனசு போய் அதில் உட்கார்ந்துகொண்டது. பிள்ளை அழுதால் அழட்டும். அழுகிற பிள்ளையைத் தூக்க உடம்பு வேண்டும்.

"ஏளா" என்றார். "கோமதியம்மனுக்கு நேந்திருக்கியே, அத மாத்திக்கோ."

"என்னத்த மாத்த?"

"டிபி இல்லன்னு வரணும்னு வேண்டாத. டிபியாவே இருக்கட்டும்னு வேண்டிக்கோ. ஆறு மாசத்துல தீந்துரும். அது இல்லன்னா இன்னொன்னு இருக்காம், அது தீராதாம். ஒங்கிட்ட சொல்லல. டாக்டர் அன்னைக்கே சொன்னாரு." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கப்பைப் பார்த்தார்.

ஆவுடை நின்றுவிட்டாள். "நான் அப்படித்தான நேந்திருக்கேன்" என்றாள்.

"என்னது?"

"அன்னைக்கு நீங்க வண்டி எடுக்கப் போனப்ப நான் திரும்பப் போயி டாக்டர்ட்ட கேட்டேன். எல்லாம் சொன்னாவ. ஒட்டாதுன்னும் சொன்னாவ." அவள் குரல் இறங்கிவிட்டது. "வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா தட்டையும் தம்ளரையும் தனியா எடுத்து வச்சேன். டிபிக்காரன் வீட்டுல எப்படி இருப்பாவளோ அப்படியே இருந்துட்டா, அதுவாவே ஆயிரும்னு ஒரு இது. கிறுக்குத்தனம்தான். வாய்விட்டுச் சொன்னா பலிக்காதுன்னு சொல்லல. அம்மன்ட்ட, எம் புருசனுக்குக் காசநோயக் குடு தாயின்னு எவளாவது கேட்டிருப்பாளா? நான் கேட்டேன்."

மூன்று வாரம். பலவேசம் அந்தத் தம்ளரை எத்தனை விதமாக வெறுத்தார், அவளை எத்தனை விதமாக. ஏதாவது சொல்ல வேண்டும். வாயில் வந்தது வேறு. "அப்பம் புள்ளைய மட்டும் ஏன் எங்கிட்ட தரல? ஒட்டாதுன்னு தெரியும்லா ஒனக்கு?"

"நீங்க கேக்கவே இல்லியே" என்றாள் ஆவுடை. "நெலப்படில நிப்பிய, பாப்பிய, போயிருவிய. நோவுல இருக்காவன்னு நான் விட்டுட்டேன். இந்துதான் தெனமும் அழுதா. பொட்டப் புள்ளன்னு அப்பாவுக்குப் புடிக்கலையாம்மா, அதான் தொடவே மாட்டேங்காவளான்னு."

"பலவேசம் ஐயா, வாங்க" என்று பெனிட்டா கதவைத் திறந்து கூப்பிட்டாள். கடைசிக் கப்பை அங்கேயே நின்று, விளிம்பில் உதட்டை அழுத்தி, ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிக் குடித்தார். எப்படிப் போனார், எப்போது சட்டையைக் கழற்றி அந்தப் பச்சை அங்கியைப் போட்டார், கையில் குடல் அசையாமல் இருக்க என்று ஊசி போட்டார்களே அது வலித்ததா, ஒன்றும் நினைவில்லை. குழாய்க்குள் தள்ளினார்கள். மூக்குக்கு நேரே வெள்ளைக் கூரை. பொட்டப் புள்ளன்னு. ஐயோ. அப்படி ஒரு நினைப்பு அவருக்குக் கனவிலும் வந்ததில்லை. பெற்ற பிள்ளை அப்படி நினைத்து இத்தனை நாள் அழுதிருக்கிறாள், பச்சை உடம்புக்காரி, நிலைப்படிக்கு அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம் நின்று தொட்டில் துணியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நெஞ்சிலிருந்து ஒன்று கிளம்பி மேலே வந்தது, அடிவயிறு குலுங்கப் பார்த்தது.

காதில் மாட்டிய ஹெட்போனில் பெனிட்டாவின் குரல் கேட்டது. "ஐயா, வயித்த அசைக்கக் கூடாது. லேசா அசைஞ்சாலும் படம் கெட்டுரும். மூச்ச நல்லா இழுங்க."

இழுத்தார்.

"நிறுத்துங்க. அப்படியே இருங்க."

அழுதால் வயிறு அசையும். பலவேசம் அப்படியே இருந்தார்.